வெயிலூரில் ஒரு கணிப்பொறி

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

வேலூரை 'வெயிலூர்' என்று சொல்லி நகையாடுவோர் பலர். தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, கடவுள் இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி வழங்கும் பழமொழியை அறியாதார் இலர். 1981-ஆம் ஆண்டில் சலகண்டேசுவரர் கோயிலில் இறைவன் மீண்டும் எழுந்தருளியதால் அக்குறைகளுள் ஒன்று தீர்ந்தது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் புரண்டு வெள்ளம் ஓடியபோது மற்றொன்றும் சில நாட்களுக்குத் தீர்ந்தது. வெயில் மட்டும் தீர்ந்தபாடில்லை.

அந்த வெயிலில் மனிதன் படும் பாட்டைப் பாடக் கவிஞர்கள் உண்டு. நான் இங்கே எழுதப் புகுவது வாயில்லாத ஒரு பொருள் படும் பாட்டைப் பற்றி. அது நம் வீட்டு மூலையில் இருக்கும் கணிப்பொறி. கணிப்பொறிக்கும் வியர்க்குமா என்று நண்பர்கள் சிரிக்கலாம். வியர்க்காது, அதுதான் அதன் துன்பம். மனித உடல் வியர்வையால் தன் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. கணிப்பொறிக்கு அந்தப் பேறு இல்லை. அதற்கு வியர்வைக்கு ஈடாக ஏதேனும் ஒன்றை நாம்தான் செய்து தர வேண்டும். அதற்காக மக்கள் கையாளும் விந்தையான வழிகள் பல. அவற்றுள் எவை நமக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதை ஆராய்ந்து என் கருத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெயிலும் தேர்வும்

ஒரு காலத்தில் கணிப்பொறி என்பது குளிரூட்டிய அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சென்று காண வேண்டிய பொருளாக இருந்தது. இன்று அப்படியில்லை. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் அரசுப் பள்ளியிலும் அரசுக் கல்லூரியிலும் படிக்கும் ஏழை மாணவர் வீடுகளுக்குள்ளும் கணிப்பொறி நுழைந்தது. 2025-26-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. டேனரித் தொழிலாளியின் வீட்டிலும், ஷூ கம்பெனிக்குச் செல்லும் தாயின் வீட்டிலும், பீடி சுற்றும் வீட்டிலும் இன்று கணிப்பொறி இருக்கிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால் அந்த வீடு எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் அன்றோ? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தொழிலாளர் தெருக்களில் சிமெண்டு ஷீட்டு வேய்ந்த வீடுகள் ஏராளம். எங்கள் வீடும் அத்தகையதே. கத்திரி வெயில் காலத்தில் வெளியே நிழலில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது என்றால், காய்ந்த ஷீட்டின் கீழே அதைவிட அதிகமாகவே இருக்கும்.

மடிக்கணினிப் பெட்டிக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. 'இக்கருவியை இத்தனை டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இயக்க வேண்டாம்' என்று அதில் ஓர் எல்லை கொடுத்திருப்பார்கள். பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு அந்த எல்லை 35 டிகிரி. அதாவது, செய்தவர்கள் சொற்படி பார்த்தால், பங்குனி பாதியிலிருந்து ஆனி முடியும்வரை நம் வீடுகளில் பட்டப்பகலில் கணிப்பொறியைத் திறக்கவே கூடாது. நம் பருவத் தேர்வுகளோ ஏப்ரல், மே மாதங்களில் நடைபெறுகின்றன. படிக்க வேண்டிய காலமும் பொறி படுத்துவிடும் காலமும் ஒன்றாக அமைந்திருப்பதே நம் சிக்கல்.

சூடு மிகுந்தால் என்ன ஆகும்? கணிப்பொறியின் மூளையாகிய செயலி ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பொறி பட்டென்று அணைந்துவிடும். மின்கலமும் சூட்டில் விரைவில் தளர்ந்து போகும். இரண்டு கோடையைக் கண்ட மடிக்கணினி அரை மணி நேரம்கூட மின்சாரத்தைத் தாங்காமல் போவதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். பணம் படைத்தோர் புதிது வாங்கிக் கொள்வர். விலையில்லாமல் ஒருமுறை பெற்றவனுக்கு இரண்டாவது கிடையாது.

உலகோர் செய்து பார்த்தவை

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறி பிறந்த நாளிலேயே உடன் பிறந்தது. 1946-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்சாரத்தை உண்டது. உண்ட மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவரும். எனவே அந்த அறைக்குப் பெரிய காற்றூதிகள் தேவைப்பட்டன.

1980-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் 'ஆப்பிள் 3' என்ற கணிப்பொறியை வெளியிட்டது. மின்விசிறியின் இரைச்சல் வேண்டாம் என்று கருதி விசிறியே இல்லாமல் அதைச் செய்தார்கள். பொறி சூடேறிற்று, உள்ளே சில்லுகள் தம் இருக்கையிலிருந்து நழுவின. பொறியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் சில்லுகள் மீண்டும் பொருந்திக் கொள்ளும் என்று ஆலோசனை கூறும் நிலைக்கு அந்நிறுவனம் தள்ளப்பட்டது. இது கணிப்பொறி வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. பழைய வானொலிப் பெட்டியைத் தட்டிப் பாட வைத்த நம் தாத்தாக்களுக்கு இது வியப்பைத் தராது.

1985-இல் வந்த 'கிரே 2' என்னும் பெருங்கணிப்பொறியோ வேறு வழியைக் கையாண்டது. மின்சாரம் கடத்தாத ஒருவகைத் திரவத்தில் அதன் மின்சுற்றுப் பலகைகளை முழுவதுமாக மூழ்கடித்தே வைத்தார்கள். அதைப் பார்த்து வீட்டுக் கணிப்பொறியைக் கனிம எண்ணெய் நிறைந்த கண்ணாடித் தொட்டிக்குள் மீனைப் போல் விட்டவர்களும் மேனாட்டில் உண்டு. இதுவும் நமக்குப் புதிதன்று. தெரு முனையில் இருக்கும் மின்சார வாரியத்தின் மின்மாற்றி எண்ணெயில் மூழ்கித்தான் வேலை செய்கிறது. ஆனால் வீட்டில் இதைச் செய்யப் புகுவது வீண் செலவு. கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நாளடைவில் சிக்கெடுத்துப் பிசுபிசுக்கும். எண்ணெயில் நனைந்த பலகையைப் பழுது பார்க்க எந்தக் கடைக்காரரும் கைந்நீட்ட மாட்டார்.

இவை எல்லாவற்றையும் விஞ்சிய முயற்சி மைக்ரோசாப்ட் நிறுவனத்துடையது. 2018-ஆம் ஆண்டு 864 கணிப்பொறிகளை ஓர் எஃகு உருளைக்குள் அடைத்து, ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே கடலுக்கடியில் இறக்கினார்கள். 2020-இல் வெளியே எடுத்துப் பார்த்தபோது, நிலத்தில் இருந்தவற்றில் பழுதானவற்றின் எட்டில் ஒரு பங்கு அளவே உள்ளே பழுதாகியிருந்தன. கடல்நீரின் குளிர்ச்சிதான் காரணம் என்று நாம் உடனே எண்ணுவோம். ஆராய்ந்தவர்கள் முதன்மையாகக் கருதிய காரணம் வேறு. உருளைக்குள் காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரசன் வாயுவை நிரப்பியிருந்தார்கள். அங்கே துருப்பிடிக்க உயிர்வளி இல்லை, ஈரம் இல்லை, கை வைத்து அசைக்க ஆளும் இல்லை. இச்செய்தியை நண்பர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன். குளிர்ச்சி ஒன்று, தூய்மை மற்றொன்று. இரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் நம் பகுதியில் பல கணிப்பொறிகள் அற்பாயுளில் மடிகின்றன.

நம்மவர் கைவைத்தியம்

இனி நம்மவர் கையாளும் முறைகளுக்கு வருவோம்.

முதலாவது, குளிர்ப்பெட்டியும் பனிக்கட்டியும். மடிக்கணினியைச் சிறிது நேரம் ஃபிரிட்ஜுக்குள் வைத்து எடுப்போரும், பனிக்கட்டிப் பையை அதன் அடியில் வைப்போரும் உண்டு. இது தீங்கானது. கடையில் குளிர்ந்த கோலி சோடாவைக் கையில் வாங்கிய சற்று நேரத்தில் புட்டியின் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் அரும்புகிறது. அந்த நீர் புட்டிக்குள்ளிருந்து வந்ததன்று; காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்தது. அதே முத்துக்கள் மின்சுற்றுப் பலகையின்மீது அரும்பினால் கணிப்பொறியின் கதை அன்றோடு முடிந்தது.

இரண்டாவது, ஈரத்துணியும் மண்பானையும். இதில் அறிவியல் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக் கொள்கிறது. 40 வாட் மின்சாரம் உண்ணும் மடிக்கணினி 16 மணி நேரம் வெளிவிடும் வெப்பத்தைக் காட்டிலும் இது அதிகம். மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வாறே. குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி மின்சாரமில்லாமல் இயங்கும் களிமண் குளிர்ப்பெட்டியைச் செய்து புகழ் பெற்றது இந்த அடிப்படையில்தான். நொய்டாவில் ஒரு மின்கருவித் தொழிற்சாலையில், சுட்ட மண் குழாய்களைத் தேன்கூடு போல் அடுக்கி, அவற்றின்மேல் நீரை ஒழுகவிட்டு, மின்னாக்கிப் பொறியின் வெப்பக் காற்றைத் தணித்திருக்கிறார்கள்.

ஆனால் இம்முறைக்கு ஒரு வரம்பு உண்டு. காற்று உலர்ந்திருந்தால்தான் நீர் ஆவியாகும். வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு உள்ள கோடை நண்பகலில் ஈரத்துணி ஏறத்தாழ 26 டிகிரி வரை குளிரக்கூடும். கார்த்திகை மழைக்காலத்திலோ வெப்பம் 28 டிகிரியும் ஈரப்பதம் 90 விழுக்காடுமாக இருக்கும்போது, ஓரிரு டிகிரிக்கு மேல் குளிராது. ஈரம் மட்டும் மிஞ்சும். ஆகவே சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பது கத்திரி வெயிலுக்கு மிக நன்று. அது அறையைக் குளிர்விக்கும். உட்கார்ந்து படிப்பவனுக்கும் மணம் தரும். ஈரத்துணியை நேரே பொறியின்மேல் போர்த்துவது எந்தக் காலத்திலும் நன்றன்று.

மூன்றாவது, கல்லும் மூடியும். சமையலறை அலமாரிக்குப் போட்ட கடப்பைக்கல்லில் மிஞ்சிய துண்டு ஒன்று பல வீடுகளில் கிடக்கும். மெத்தைமீதும் தலையணைமீதும் மடிக்கணினியை வைத்துக் காற்றுத் துளைகளை அடைப்பதைவிட, அந்தக் கல்லின்மேல் வைப்பது எவ்வளவோ மேல். நான்கு மூலைகளிலும் சோடா மூடிகளை வைத்துச் சற்றே உயர்த்தினால் அடியில் காற்றோட்டம் பெருகும். செலவு ஒன்றுமில்லை; கேடும் ஒன்றுமில்லை. இதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன்.

நான்காவது, உண்ணும் மின்சாரத்தைக் குறைத்தல். பலர் அறியாத, கைக்காசு செலவில்லாத வழி இது. விண்டோஸ் அமைப்பில் செயலியின் உச்ச வேகத்தை 100 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காடாகக் குறைத்து வைக்க இடமுண்டு. ஒரு விழுக்காட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். பல மடிக்கணினிகளில் அந்த ஒரு விழுக்காடு, செயலி திடீரென்று பாய்ந்தோடும் கூடுதல் வேகத்தை நிறுத்திவிடும். கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் அந்தப் பாய்ச்சல் நமக்குத் தேவையில்லை. குதிரையை நாள் முழுதும் நாலுகால் பாய்ச்சலில் ஓட்டுவானேன்? நடக்க விட்டால் நுரை தள்ளாது.

ஐந்தாவது, கணிப்பொறிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே மேசை விசிறியைச் சுழல விடுவது. மேசையில் வைக்கும் பழைய வகைக் கணிப்பொறி உள்ள வீடுகளில் மிகப் பரவலாக நான் காண்பது இதுவே. வேறு ஊர்களில் இது ஓரளவு பயன் தரலாம். நம் தோல் மாவட்டங்களில் இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரித்தே கூற வேண்டும்.

எந்தக் காற்று?

பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன என்பதை இப்பகுதியில் பிறந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோலும் அதன் கழிவு நீரும் பின்னர் அமிலத்தன்மையை நோக்கிச் செல்லும்போது ஹைட்ரசன் சல்பைடு வாயு பிறக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று வேதியியல் நூல் சொல்லும் அந்த மணம், நம்மில் பலருக்கு ஊர் எல்லை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

அந்த வாயு என்ன செய்யும்? நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். பெட்டியில் வைத்த வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகிறது. துலக்கி வைத்த பித்தளைக் குடம் மங்கிப் போகிறது. வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களே. கணிப்பொறியின் உள்ளே இருப்பவை எவை? செம்புத் தடங்கள், சில இடங்களில் வெள்ளிப் பூச்சு. ஐரோப்பிய நாடுகள் 2006-ஆம் ஆண்டு சூலை முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைத் தடை செய்தபின், ஈயப் பற்றுக்குப் பதிலாக வெள்ளிப் பூச்சுள்ள பலகைகள் பெருகின. கந்தகம் மிகுந்த காற்றில் இவை எளிதில் அரிக்கப்படுகின்றன. அரிப்பினால் உண்டாகும் கருமை ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் படர்ந்து மின்சாரத்தைக் குறுக்கே பாயவிடும். பெருங்கணிப்பொறி நிலையங்களில் காற்றின் தூய்மையை அறியச் செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் தொங்கவிட்டு, அவை எவ்வளவு கறுக்கின்றன என்று அளக்கிறார்கள். நம் வீட்டில் அந்த வேலையைப் பாட்டியின் கொலுசு இலவசமாகச் செய்து வருகிறது!

வாயு மட்டுமா? பதனிட்ட தோலை மென்மையாக்கத் தேய்க்கும் பஃபிங் பிரிவிலிருந்து எழும் நுண்தூசு, சாலைத் தூசு, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து விசிறியின் இறகுகளிலும் வெப்பத்தைக் கடத்தும் தகடுகளிலும் கம்பளி போல் படிகின்றன. கம்பளி போர்த்தியவனுக்குக் குளிருமா? குளிர்விக்கவென்று வைத்த மேசை விசிறியே தூசைத் திணித்து, அடுத்த கோடையில் பொறியை முன்னிலும் சூடாக்குகிறது. அன்றியும், மூடிய பெட்டிக்குள் காற்று ஒரு வழியே புகுந்து மற்றொரு வழியே வெளியேறும்படி ஓர் ஒழுங்கு அமைத்திருக்கிறார்கள். பக்கத் தகட்டைக் கழற்றினால் அந்த ஒழுங்கு குலைகிறது. பல்லியும் எறும்பும் குடியேறுவது தனிக்கதை.

பாலாற்று நீர் கெட்டதைப் பற்றி நாடே அறியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிப்போர் எல்லாரும் படிக்கும் தீர்ப்பு. 2025 சனவரி 30-லும் அதே பாலாற்றுப் பகுதி மாசு குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. நீரைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் காற்றைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. செம்பையும் வெள்ளியையும் அரிக்கும் காற்று, நுரையீரலை மட்டும் வாழ்த்திவிட்டா செல்லும்? கணிப்பொறி கெட்டால் திரை அணைகிறது, நமக்குத் தெரிகிறது. மனிதனுக்கு அப்படி ஒரு திரை இல்லை.

இதனால் தோல் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் முதல் இத்தொழில் நம் மக்களுக்குச் சோறு போட்டு வருகிறது. என்னைப் போன்றோர் கல்லூரிப் படியேறியதும் அந்தச் சோற்றினால்தான். சொல்ல வந்தது இதுவே: டேனரியைத் தொட்ட தெருவில் இருப்போர் பொறிக்குள் வெளிக்காற்றை அடித்துத் திணிக்க வேண்டாம். நாற்றம் வீசும் பக்கத்துச் சன்னலை மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறவுங்கள். சன்னலுக்குக் கொசுவலைத் துணியைக் கட்டி வாரம் ஒருமுறை துவையுங்கள். வாயுவைத் தடுக்காவிடினும் தூசின் பெரும்பகுதியைத் தடுக்கும். வேலை முடிந்ததும் பொறி நன்கு ஆறியபின் உறையிட்டு வையுங்கள்.

கூரையே முதல் மருந்து

இப்போது ஒரு சிறு கணக்கு. வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1,000 வாட் அளவு சூரிய ஆற்றல் விழுகிறது. 10 அடிக்கு 12 அடி உள்ள அறையின் கூரை ஏறத்தாழ 11 சதுர மீட்டர். அதாவது 11,000 வாட். அவ்வளவும் உள்ளே இறங்குவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அறைக்குள் இருக்கும் மடிக்கணினி வெளிவிடுவது 40 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் வெளிவிடுவது ஏறத்தாழ 100 வாட். தலைக்கு மேலே 11,000 வாட் அடுப்பு எரிய, அதன் கீழே 40 வாட் அகல் விளக்கை அணைக்க வழி தேடுகிறோம். இதைவிடப் பேதைமை வேறு உண்டோ?

ஆகவே கணிப்பொறியைக் குளிர்விக்கச் சிறந்த வழி கணிப்பொறியில் இல்லை, கூரையில் இருக்கிறது. பங்குனி பிறக்கும் முன்னரே கூரையின் மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு மூன்று பூச்சு அடித்தால், விழும் வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். சுண்ணாம்புக் கரைசலில் சிறிது ஃபெவிகால் கலந்தால் மழைக்கும் ஓரளவு தாங்கும். சிமெண்டு ஷீட்டின்மேல் நேரே கால் வைத்து ஏறுதல் ஆகாது. உடைந்து விழுந்து உயிரிழந்தோர் உண்டு. குறுக்கே பலகை போட்டு, ஏணியிலிருந்தே நீண்ட தூரிகையால் அடிக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது. அதன் நார்த்தூசு நுரையீரலுக்கு நஞ்சு. அடிக்க வசதியில்லாதோர் கூரைமேல் சுரைக்கொடியையாவது ஏற்றலாம். நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும்.

இது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கத்தக்கதன்று. அகமதாபாத்தில் 2017-இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்துப் பார்த்தார்கள். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

குளிர்சாதனம் வாங்கினால் தீர்ந்தது என்பார் ஒரு சாரார். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். ஆனால் குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை; உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஆறடிச் சந்தில் மாடி வீட்டுக்காரரின் குளிர்சாதனம் கக்கும் வெப்பக் காற்று எதிர்வீட்டு ஷீட்டுக் கூரைக்காரரின் சன்னலில்தான் புகுகிறது. ஒருவர் குளிர, மற்றவர் காய்கிறார். கூரைக்கு அடித்த சுண்ணாம்பு அப்படி யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

'கைப்பேசியே போதும், கணிப்பொறி எதற்கு?' என்பார் மற்றொரு சாரார். ஆய்வுக் கட்டுரையையும் நிரலையும் கைப்பேசியில் எழுதிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தவிர, கைப்பேசி மட்டும் வெயிலுக்கு விலக்கா என்ன?

செய்ய வேண்டுவன

மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கணிப்பொறிக்கென ஒதுக்குங்கள். பொறியை அணைத்து, மின் இணைப்பை நீக்கி, விசிறியின் இறகு சுழலாதபடி குச்சியால் பிடித்துக் கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டுங்கள். அடுத்த வாரம் கூரைக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். உச்சி வேளையில் பொறிக்கு ஓய்வு கொடுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படியுங்கள். வேலூரில் காற்று குளிர்ந்திருக்கும் நேரம் அது ஒன்றே. மின்கலத்தை வெயில் நேரத்தில் ஏற்றாமல் அந்த வேளையிலேயே ஏற்றிக் கொள்ளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியில் குளிரூட்டிய கணிப்பொறி ஆய்வகம் இருக்கிறது. பாடவேளை முடிந்ததும் அதைப் பூட்டிவிடுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் முதல் மாலை வரை, ஷீட்டுக் கூரை வீட்டு மாணவர்கள் தத்தம் மடிக்கணினியோடு வந்து அமர்ந்து படிக்க அதைத் திறந்து விட்டால், புதிய செலவு எதுவுமின்றிப் பேருதவியாக அமையும். இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் சேர்ந்து, செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, வேலூர் என நான்கு ஊர்களில் ஓராண்டு தொங்கவிட்டு அளந்தால், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நல்லதோர் ஆய்வுத் திட்டமும் ஆகும். ஊர் மக்களுக்குத் தம் காற்றைப் பற்றிய கணக்கும் கிடைக்கும்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மடிக்கணினியை வாங்கும்போது எத்தனை நினைவகம், எவ்வளவு வேகம் என்று பார்ப்பது போலவே, எத்தனை டிகிரி வெப்பத்தைத் தாங்கும் என்றும் பார்த்து வாங்க வேண்டும். விசிறியை மாணவனே திறந்து துடைக்கும்படி அடித்தகடு அமைய வேண்டும். குளிர்நாட்டு மேசைக்கெனச் செய்த பொறியை வெயில்நாட்டுக் குடிசைக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பேணத் தெரியவில்லை என்று குறை கூறுவது முறையாகாது.

பொறிக்குக் குளிர்ச்சி தேடப் போனவனுக்கு விடை பொறிக்குள் கிடைக்கவில்லை. கூரையிலும் காற்றிலும் கிடைத்தது. கூரை குளிர்ந்து காற்றுத் தூய்மையானால் கணிப்பொறி பிழைக்கும். அதன் எதிரே அமர்ந்து படிக்கும் பிள்ளையும், அருகே பீடி சுற்றும் தாயும், இரவு வேலை முடிந்து பகலில் உறங்கும் தந்தையும் நலமாக இருப்பர். அவர்களுக்காக முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு கணிப்பொறியின் பொருட்டாவது இந்த மாசியில் தொடங்குவோமாக.